ஊர் ஏக்கம் வயிற்றில் தெரியும்போது

தில்லியில் மனநல மருத்துவம் பார்க்கும் என்னிடம், தமிழில் பேசலாம் என்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு. அவர்களில் பலர் மனத்தில் சிக்கல் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு ஜூன் மாதத்தில் வந்த பெண்மணியும் வயிற்றுக் கோளாறு என்றுதான் வந்தார். (அவரை அடையாளம் காண இயலாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவரின் பணிமாற்றத்தால் தென்காசிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பசியில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, எண்டோஸ்கோப்பியில் குறை எதுவும் தென்படவில்லை. வெளியே 44 டிகிரி வெயில். "ஊர்ல இப்ப சாரல் விழுந்துக்கிட்டிருக்கும் டாக்டர்" என்று சொன்னவர், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார்.

ஊர் ஏக்கம் உடலைப் படுத்தும் என்பது மருத்துவம் அண்மையில் கண்டுபிடித்த செய்தி அன்று. 1688ஆம் ஆண்டிலேயே யோகான்னஸ் ஹோஃபர் என்ற மாணவர், பாசல் பல்கலைக்கழகத்தில் அளித்த மருத்துவ ஆய்வேட்டில், வீடு திரும்புதல், வலி என்னும் பொருள்கொண்ட இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். பசியின்மை, உறக்கக் கேடு, தளர்ச்சி என்று அவர் எழுதிய குறிகளைத்தான் இன்றும் என் நோயாளிகள் சொல்கிறார்கள்.

அந்தப் பெண்மணியிடம் சில அமர்வுகள் பேசிய பிறகு தெரிந்தது, அவர் ஏங்கியது சாரலுக்கும் சொதிக்கும் மட்டுமல்ல என்பது. ஊரில் கீரைக்காரரிடம் பேரம் பேசி ஜெயித்தவர், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்தால் வேலை நடக்கும் என்று தெருவுக்கே வழி சொன்னவர், கல்யாண வீட்டில் தம்மைச் சுற்றி நாலு பேரைச் சிரிக்க வைத்தவர், இங்கே 'பையா' (அண்ணா), 'கித்னா' (எவ்வளவு) என்ற இரண்டு இந்திச் சொற்களோடு நின்றுவிட்டார். வாய் நிறையப் பேசிப் பழகிய ஒருவரை மொழி தெரியாத ஊர் ஊமையாக்கிவிடுகிறது; அவர் தேடுவது ஊரை மட்டுமல்ல, அந்த ஊரில் தாம் இருந்த விதத்தையும்தான். இதை அறியாமல் குடும்பத்தார் "போகப் போகப் பழகிடும்" என்று சொல்வது ஆறுதலாக இருப்பதில்லை. பணிமாற்றம் பெற்று வந்தவருக்கு அலுவலகமும் அங்கே ஒரு மதிப்பும் கூடவே வந்துவிடுகின்றன, உடன் வந்த மனைவிக்கோ பெற்றோருக்கோ அவை வருவதில்லை என்பதையும் பல வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை.

ஊர் ஏக்கம் தன்னளவில் நோயன்று. ஆனால், இடம் மாறிய மூன்று மாதங்களுக்குள் தொடங்கும் துயரம், மாற்றத்தின் அளவுக்கு மிஞ்சியதாகவோ அன்றாட வேலைகளை முடக்குவதாகவோ இருந்தால், அதை 'அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர்' என்று வகைப்படுத்திச் சிகிச்சை தருகிறோம். எதிலும் நாட்டமில்லாத நிலை பெரும்பாலான நாள்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயையும், அதற்கு முன்பே தைராய்டு, வைட்டமின் பி12 அளவுகளையும் பார்த்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் ஏக்கத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். மைய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

காலையிலிருந்து இரவுவரை அம்மாவுடன் வீடியோ காலில் இருப்பது மருந்தாகத் தோன்றும். என் அனுபவத்தில், உடல் இங்கும் பொழுது அங்குமாகப் பிரிந்து கிடக்க அதுவே காரணமாகிவிடுகிறது. அழைப்பை நிறுத்தச் சொல்வதில்லை, மாலையில் ஒரு நேரம் என்று வரையறுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அடுத்து ஊருக்குப் போகும் தேதியை முடிவு செய்து, 60 நாள்களுக்கு முன்பு முன்பதிவு திறந்தவுடன் ரயில் சீட்டு எடுத்து வைத்துக்கொள்ளவும் சொல்வேன். கையில் இருக்கும் சீட்டு சிலருக்கு என் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது.

அந்தப் பெண்மணிக்கு நான் கொடுத்த முதல் பயிற்சி, தினமும் மாலையில் ஒரே தள்ளுவண்டிக்காரரிடம் பத்து இந்திச் சொற்களோடு காய்கறி வாங்குவது. மூன்றாம் வாரம் வந்தபோது, தில்லி வழக்கப்படி கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கேட்டு இனாமாக வாங்கிவிட்டதாகவும், கறிவேப்பிலைக்கு மட்டும் அவர் காசு கேட்டதால் சண்டை போட்டதாகவும், தப்புத் தப்பான இந்தியிலேயே அந்தச் சண்டையை எனக்கு நடித்துக் காட்டினார். வயிற்றைப் பற்றி அன்று அவர் பேசவே இல்லை.