ஈ.பி.எல். எடுக்கப் போகிறீர்களா? மெஷினுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள். சில நாட்களில் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். வாகனம் கழுவிய தண்ணீரும் சாப்பாட்டுக்கடைத் தண்ணீரும் அப்படியே கால்வாயில் விழாமல் தடுக்கத்தான் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது. கொழும்பில் கேட்டால் 'ஈ.பி.எல்.' என்பார்கள்.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி, வர்த்தமானியில் குறித்த தொழில்களை இந்த உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. 2008 வர்த்தமானி அவற்றை ஏ, பி, சி என்று மூன்று பகுதிகளாகப் பிரித்தது. ஏ, பி என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபை. சி என்றால் உங்கள் மாநகர சபை அல்லது பிரதேச சபை. 2008 விதிப்படி ஏ பகுதி உரிமம் ஒரு வருடத்துக்கு, மற்றவை மூன்று வருடத்துக்கு. வாகன சர்விஸ் நிலையத்தைச் சின்னத் தொழில் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஏ பகுதியில் இருந்தது. பட்டியல் அவ்வப்போது திருத்தப்படும். ஆகவே விண்ணப்பிக்குமுன் இப்போதைய பட்டியலைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

சரி, கழிவுநீரைச் சுத்திகரிக்க எந்த மெஷின் வாங்குவது? விற்பவர் ஆளுக்கொன்று சொல்வார். விதி பார்ப்பது மெஷினின் பெயரை அல்ல, குழாயின் கடைசியில் வரும் தண்ணீரை. கால்வாய், ஆறு போன்ற உள்நாட்டு நீர்நிலைக்கு விடுவதானால் 2008 இன் பொது வரையறை இது: ஒரு லீற்றரில் பி.ஓ.டி. 30 மில்லிகிராம், சி.ஓ.டி. 250, கரையாமல் நீரில் தொங்கும் திண்மம் 50, எண்ணெய் 10. பி.ஓ.டி. என்பது அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனை இழுத்துக்கொள்கின்றன என்ற கணக்கு. 20 பாகையில் 5 நாள் அல்லது 27 பாகையில் 3 நாள் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதனால் அறிக்கை நாளைக்கே கிடைக்காது. சி.ஓ.டி. என்பது அதே அழுக்கை இரசாயனத்தால் சிதைக்க எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்ற கணக்கு.

பலர் வாசிக்காமல் விடுகிற ஒரு குறிப்பும் அதில் உண்டு. கழிவுநீர் விழும் இடத்தில் அதைப்போல் எட்டு மடங்கு சுத்தமான நீர் இருக்கிறது என்று வைத்துத்தான் இந்த எண்கள். நான்கு மடங்குதான் இருந்தால் வரையறையும் பாதியாகும், பி.ஓ.டி. 30 அல்ல, 15. வெயில் காலத்தில் தேங்கிக் கிடக்கும் கொழும்புக் கால்வாயை நினைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மாநகர சபைக் கழிவுநீர்க் குழாயில் விடுவதற்கு வேறு வரையறை.

சர்விஸ் நிலையத்துக்கு முதலில் மணல் பிடிக்கும் தொட்டி, அடுத்து எண்ணெய் பிரிக்கும் தொட்டி. எண்ணெய் மேலே மிதக்க, தடுப்புச் சுவருக்குக் கீழாகத் தண்ணீர் மட்டும் போகும். ஆனால் சவர்க்கார நுரை அதிகமானால் எண்ணெய் பாலைப்போல் கலந்து தப்பிவிடும். அப்போது படிகாரம் போன்ற திரட்டியைப் போட்டு எண்ணெயைக் கட்டிகளாகச் சேர்த்து, நுண்ணிய காற்றுக் குமிழிகளால் அவற்றை மேலே தூக்கி வழித்தெடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கடைக்குக் கொழுப்புத் தொட்டியும், அப்புறம் காற்றூட்டி நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டியும் தேவை.

இப்போது எல்லோரும் பேசுவது சவ்வு உயிர்உலை பற்றி, அதாவது நுண்ணுயிர்த் தொட்டியோடு வடிகட்டும் சவ்வும் சேர்ந்த அமைப்பு. ஒரு மைக்ரோனிலும் சிறிய துளைகளால் தண்ணீரை வடிப்பதால் தெளிவாக வரும், இடமும் குறைவு. காணி விலை தெரிந்த கொழும்புக்காரருக்கு இது பெரிய விஷயம். ஆனால் எண்ணெய் பட்டால் சவ்வு அடைத்துக்கொள்ளும், மின்கட்டணமும் ஏறும். சின்னக் கடைக்கு இது தேவையில்லை என்பதே என் எண்ணம். ஒழுங்காக வழிக்கிற கொழுப்புத் தொட்டி, பராமரிக்காத சவ்வைவிட எவ்வளவோ மேல்.

வழித்தெடுத்த எண்ணெய்ச் சேற்றைக் குப்பை லொறியில் ஏற்றாதீர்கள். அபாயகரக் கழிவை ஏற்க உரிமம் உள்ளவரிடம் கொடுத்து, பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ.பி.எல். மறுக்கப்பட்டால் சுற்றாடல் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். கழிவுநீரால் பாதிக்கப்படுகிறவர் அதிகார சபையின் 1981 இலக்கத்துக்கு அழைக்கலாம். நேரத்தையும் நிறத்தையும் குறித்துச் சொல்லுங்கள். அடைமழை நேரம் பார்த்துத் தொட்டியைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிகாரி வரும்போது கால்வாய் கழுவிப்போயிருக்கும்.