ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் அடித்த ராத்திரி வரும் காய்ச்சல்

கடலூர் முதுநகர் பக்கம் கேட், கிரில், மாடி ஷீட் கொட்டகை என்று இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வேலை பார்க்கிறேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பாதி ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, பைப்பும் ஷீட்டும்தான். உப்புக்காற்று ஊர் என்பதால் சாதா இரும்பை யாரும் கேட்பதில்லை.

போன ஐப்பசியில் தேவனாம்பட்டினத்தில் ஒரு மாடிக் கொட்டகை. மழை விட்டபாடில்லை. அதனால் என்னிடம் வேலை பழகும் தம்பி பைப்பையெல்லாம் மாடிப்படி அறைக்குள் இழுத்துப் போட்டு, சாரல் அடிக்காமல் இருக்கக் கதவையும் சாத்திக்கொண்டு மதியம் முழுக்க வெல்டிங் அடித்திருக்கிறான். ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் அம்மா போன் செய்தார். "அண்ணே, புள்ள உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது, போர்வை மேல போர்வை போட்டும் குளிர் அடங்கல." வாயெல்லாம் காசைச் சப்பின மாதிரி ருசி, தாகம், நெஞ்சு இறுக்கம், உடம்பு வலி. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மலேரியாவா டெங்குவா என்று ரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பகலில் என்ன வேலை செய்தான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. மறுநாள் சாயங்காலம் தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

இதற்குக் காரணம் பைப் மேல் பூசியிருக்கும் துத்தநாகம், நாம் ஜிங்க் என்று சொல்வது. அது 419.5 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்போ கிட்டத்தட்ட 1500 டிகிரி வந்தால்தான் உருகவே ஆரம்பிக்கும். அப்படியென்றால் நாம் இரும்பை உருக்கி ஒட்டுகிற இடத்தில் ஜிங்க் உருகுவதோடு நிற்காது, கொதித்துப் புகையாகப் போயே தீரும், எவ்வளவு கைதேர்ந்த வெல்டராக இருந்தாலும் சரி. அந்த ஆவி காற்று பட்டதும் எரிந்து ஜிங்க் ஆக்ஸைடாக மாறும். பஞ்சுத் துகள் மாதிரி வெள்ளையாகப் பறப்பது அதுதான். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கத்து ஜாவர் சுரங்கத்தில் பல நூறு வருடத்துக்கு முன்பே, கத்தரிக்காய் வடிவ மண் குடுவைகளைக் கவிழ்த்து வைத்து, இந்த ஆவியைக் கீழே குளிர வைத்துத்தான் துத்தநாகம் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் பிடித்து வைத்த ஆவியை நாம் மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

காய்ச்சல் உடனே வராது. சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் வரும். அதனால்தான் மழையில் நனைந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். தினமும் அடிக்கிறவருக்கு உடம்பு கொஞ்சம் பழகிவிடும், ஆனால் ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை அடித்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இப்படிப் பழகுவதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெண்டு நாள் தாண்டியும் மூச்சு வாங்கினால் அது வேறு ஏதோ, டாக்டரிடம் போயே ஆக வேண்டும், போனதும் முதல் வார்த்தையாக "ஜி.ஐ. வெல்டிங் அடித்தேன்" என்று சொல்லுங்கள்.

பால் குடித்தால் போதும், வெல்லம் தின்றால் போதும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் நானும் பத்து வருடம் செய்தேன். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. முகத்தில் கட்டும் துண்டும் அப்படித்தான், இந்தப் புகைத் துகள் துணியின் இழைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். புகைக்கென்று ஃபில்டர் உள்ள மாஸ்க் வேண்டும். அதற்கும் முன்னால், ஒட்டப்போகிற இடத்தில் ரெண்டு பக்கமும் ரெண்டு அங்குலத்துக்குக் கிரைண்டர் போட்டுப் பூச்சை எடுத்துவிடுங்கள், அப்போதும் மாஸ்க் இருக்கட்டும். பைப்பின் உள்பக்கமும் பூச்சு இருக்கும், அதை எடுக்க முடியாது என்பதால் புகை கொஞ்சம் வரத்தான் செய்யும். திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் வீசும்படி நின்று அடியுங்கள். முடித்ததும் அந்த இடத்தில் ஜிங்க் பெயின்ட் அடிக்க மறக்கவேண்டாம். இரும்புக்கு முன்னால் தான் அரித்துப்போய் இரும்பைக் காப்பாற்றுவதுதான் ஜிங்கின் குணம், அதைச் சுரண்டிவிட்டு அப்படியே விட்டால் நம் ஊர்க் காற்றில் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

அப்புறம் இன்னொன்று. பழைய கார்புரேட்டர் மாதிரி ஜிங்க் கலந்த வார்ப்புச் சாமான்களைக் கரி அடுப்பில் உருக்கிப் பார்க்கும் பையன்கள் இருக்கிறார்கள். 419 டிகிரி என்பது கரி அடுப்புக்குச் சாதாரணம், உருகிவிடும். ஆனால் உருகிய ஜிங்க்குக்குள் ஈரமான ஒரு துண்டு போனாலும் தண்ணீர் சட்டென்று ஆவியாகி, உலோகத்தை முகத்தில் வாரி அடிக்கும். சூடு ஏற ஏற அதே வெள்ளைப் புகையும் வரும். வீட்டில் செய்யவே வேண்டாம்.

தேவனாம்பட்டினத்து வேலையில் நாலு ஜாயின்ட் மிச்சம் இருந்தது. தம்பி திரும்பி வந்ததும் கிளாம்ப் வைத்து போல்ட் முடுக்கி முடித்தோம், அரை நாள் கூடுதலாக ஆனது.