ஒன்பதாவது அத்தியாயமும் உள்ளங்கை வியர்வையும்

திருகோணமலையின் திருக்கடலூரில் ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். இரவு ஒன்பதரை மணி. குற்றத் தொடர் ஒன்றின் ஒன்பதாவது அத்தியாயம் ஓடுகிறது. பத்தாவதோடு கதை முடியப்போகிறது. டிஷ் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ‘ஐயோ’ என்று ஒரு சத்தம். அரை நிமிடம் கழித்து, அதே அலைவரிசையைக் கைபேசியில் நேரலையாகப் பார்க்கும் எதிர்வீட்டில் அதே ‘ஐயோ’. இரண்டு வீட்டுக்கும் இடையில் பதினைந்து மீற்றர்தான். ஒலி அதைக் கடக்க ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

பிந்துவதற்குக் காரணம் வந்த வழி. டிஷ்சுக்கு அனுப்பும் செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அலை ஏறி இறங்கக் கிட்டத்தட்டக் கால் செக்கன் போதும். படத்தைச் சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் இன்னும் சில செக்கன்கள். (இந்தச் சுற்றுப்பாதையில் செய்மதிகளை நிறுத்தி உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். பின்னாளில் நமது கோணேசர் கோயில் மலையடியில் மூழ்கி, கடலுக்குள் கிடக்கும் கோயில் இடிபாடுகளைப் பார்த்தவரும் அவர்தான்.) இணைய நேரலையின் வழி வேறு. காணொளி ஆறு செக்கன் அளவான துண்டுகளாக வெட்டப்படுகிறது. இணைப்பு தடுமாறினாலும் படம் நிற்காதிருக்க, கைபேசி மூன்று துண்டுகளையாவது சேர்த்து வைத்துக்கொண்டே ஓடத் தொடங்கும். வழியில் ஏற்படும் மற்றத் தாமதங்களையும் சேர்த்தால் இருபது முதல் நாற்பது செக்கன் வரை பிந்திவிடும்.

ஆனால் இங்கே உண்மையில் ஆச்சரியமானது தாமதம் அல்ல. முன்பின் தெரியாத இரண்டு வீட்டார் கதையின் அதே நொடியில், அதே தொனியில் கத்துகிறார்களே, அதுதான். அதை விளங்கிக்கொள்ள, கத்தலுக்கு முந்திய மௌனத்தைப் பார்க்கவேண்டும். கத்தல் கடைசியில் வருவது. வேலை முழுவதும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

பதைபதைப்பு என்பது தெரியாமையால் வருவதென்று பலர் நினைக்கிறார்கள். தெரிந்திருப்பதால்தான் வருகிறது. கொலைகாரன் குசினிக்குள் நிற்பது நமக்குத் தெரியும். விளக்கைப் போட வரும் பெண் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. நாம் சொல்லவும் முடியாது, எழுந்துபோய்த் தடுக்கவும் முடியாது. உளவியலாளர் டொல்ஃப் சில்மன் இதற்கு இரண்டு நிபந்தனைகள் சொன்னார்: அந்தப் பாத்திரத்தின்மீது நமக்குப் பிடிப்பு இருக்கவேண்டும், கெடுதல் நடக்கும் வாய்ப்பு மிகக் கூடுதலாகத் தெரியவேண்டும், ஆனால் நிச்சயமாகிவிடக் கூடாது. அந்த இன்ஸ்பெக்டர் சாவது உறுதி என்று தெரிந்த நொடியில் பதைப்பு அடங்கித் துக்கம் தொடங்கும்.

இப்போது குசினிக் கதவு திறக்கிறது. உடலில் என்ன நடக்கிறது?

முதலில் இதயம் மெதுவாகிறது. ‘நெஞ்சு படபடக்கிறது’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பிந்திய கட்டம். வெளியே உள்ள ஒன்றைக் கூர்ந்து கவனிக்கும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. சில செக்கன்களுக்கு நாடித்துடிப்பின் வேகம் குறைகிறது. கூடவே மூச்சு மேலோட்டமாகி ஓரிடத்தில் நின்றுவிடும். கையும் காலும் அசையாது. கதிரைகள் கிரீச்சிடுவது நின்றுபோவதால்தான் வீடே அமைதியானதுபோல இருக்கிறது.

கண் சிமிட்டுவதும் நிற்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது தடவை சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காட்சியை மறைக்கும் என்பதால், முக்கியமான இடத்தில் மூளை அதை ஒத்திப்போடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர் தமாமி நக்கானோவின் குழு 2009 இல் இதைவிட நுட்பமான ஒன்றைக் காட்டியது: ஒரே நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்கள், ஒரு செயல் முடியும் இடத்திலும் முக்கிய பாத்திரம் திரையில் இல்லாத இடத்திலும் சேர்ந்தே சிமிட்டினார்கள். கதையில் எது தவறவிடக்கூடியது என்பதைத் தனித்தனி மூளைகள் ஒரேமாதிரி முடிவுசெய்கின்றன.

அடுத்தது வியர்வை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நெருக்கமாக இருக்கும் வியர்வைச் சுரப்பிகள் வெப்பத்தைவிட மனக்கிளர்ச்சிக்கே விரைந்து பதில் சொல்பவை. அவற்றை இயக்குவது, ஆபத்தின்போது உடலை உசுப்பிவிடும் பரிவு நரம்புத் தொகுதி. கதவு திறந்து ஒன்றிலிருந்து மூன்று செக்கனுக்குள் சுரப்பிகளின் நுண்குழாய்களில் உப்புநீர் ஏறும். தோலின் மின்தடை இறங்கும். ஈரம் கையில் உணரப்படாத அளவிலேயே கருவி அதைக் காட்டிவிடும்.

பிறகு வெடிச்சத்தம். காதில் சத்தம் விழுந்து ஒரு செக்கனின் நூறில் மூன்று முதல் ஐந்து பங்குக்குள் கண்ணிமைத் தசை சுருங்கிவிடுகிறது. தோள் உயர்கிறது, கழுத்து உள்ளே இழுபடுகிறது. யார் சுட்டார் என்பது மனதில் பதியும் முன்பே இது முடிந்துவிடும், ஏனென்றால் இந்தப் பாதை மூளைத்தண்டோடு திரும்பிவிடுகிறது. அடக்கிவைத்த மூச்சு வெளியே வரும்போதுதான் ‘ஐயோ’ அதில் ஏறிக்கொள்கிறது. இதயம் உண்மையில் படபடப்பது இதன் பிறகு, அதிரினலின் குருதியில் கலக்கும்போது.

ஒரு கூட்டமாகப் பார்க்கும்போது இதைக் காற்றிலேயே அளக்கலாம். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், திரையரங்கிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் கருவி பொருத்தி ஆய்வாளர்கள் அளந்தார்கள்; முடிவுகள் 2016 இல் வெளியாயின. பதைப்பான காட்சிகளில் கரியமில வாயுவும் ஐசோப்பிரீன் என்ற வேதிப்பொருளும் கூர்மையாக ஏறின. ஐசோப்பிரீன் தசையில் சேர்ந்திருப்பது. தசை இறுகும்போது குருதிவழியே நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறும். ஒரே படத்தை வேறு வேறு நாளில் வேறு வேறு கூட்டம் பார்த்தபோதும் ஏற்றம் அதே இடங்களில்தான் வந்தது.

கவனமும் சுருங்குகிறது. திருகோணமலையில் வீட்டு முற்றத்துக்கு மான் வருவது புதிதல்ல. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் யன்னலோரம் மான் வந்து நின்றாலும் யாரும் காணமாட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் மத்தியூ பெஸ்டெக்கின் குழு 2015 இல் இதைச் சோதித்தது. படக்காட்சியைச் சுற்றித் திரையின் விளிம்பில் மின்னும் கட்டங்களை வைத்து, பார்ப்பவர்களின் மூளையைக் காந்த அதிர்வுக் கருவியில் படம்பிடித்தார்கள். பதைப்பு ஏறும்போது, விளிம்புப் பார்வையைக் கையாளும் மூளைப்பகுதியின் செயற்பாடு இறங்கியது. பதைப்பு தணிந்ததும் அது திரும்பியது. கட்டங்கள் முழுநேரமும் மின்னிக்கொண்டுதான் இருந்தன.

இந்த ஒத்திசைவுக்கு மிகத் தெளிவான சான்று 2008 இல் மூளை ஆய்வாளர் யூரி ஹசனின் குழுவிடமிருந்து வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று அல்பிரட் ஹிட்ச்கொக் இயக்கி 1961 இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி அத்தியாயம்: சிறு பையன் ஒருவன் நிஜத் துப்பாக்கியை விளையாட்டுத் துப்பாக்கி என்று நினைத்து எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிகிறான். இதைப் பார்த்தவர்களின் மூளை மேற்பட்டையில் ஏறத்தாழ 65 சதவீதப் பரப்பில் செயற்பாட்டின் ஏற்ற இறக்கம் ஒருவருக்கொருவர் ஒத்துப்போனது. பெயர்பெற்ற ஒரு கௌபோய் படத்துக்கு அது 45 சதவீதம். ஒரு நகைச்சுவைத் தொடருக்கு 18. பூங்கா ஒன்றில் கமராவை ஒரே இடத்தில் வைத்து வெட்டாமல் எடுத்த படத்துக்கு ஐந்துக்கும் குறைவு. ஒத்திசைவு கூடினால் படைப்பு உயர்ந்தது என்று இதைப் படிக்கக் கூடாது. பார்வையாளர் எதை, எப்போது, எவ்வளவு நேரம் பார்க்கவேண்டும் என்பதை இயக்குநர் எவ்வளவு இறுக்கமாகக் கையில் வைத்திருக்கிறார் என்பதன் அளவு அது.

அதே அத்தியாயத்தின் எட்டு நிமிடச் சுருக்கத்தைக் கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 ஆண்டுகளாக எந்தத் தூண்டலுக்கும் பதில் காட்டாதிருந்த நோயாளி ஒருவருக்குப் போட்டுக்காட்டினார்கள். பதைப்பான இடங்களில் அவருடைய மூளை, நலமானவர்களின் மூளையோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. கதையை அவர் விளங்கிக்கொண்டிருந்தார் என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்வது கடினம். 2014 இல் வெளியான இந்த ஆய்வு, குற்றக் கதை ஒன்று மருத்துவக் கருவியாகவும் பயன்பட்ட அரிய சந்தர்ப்பம்.

சரி, ஏன் ஒன்பதாவது? பத்து அத்தியாயத் தொடர்கள் பல, பெரிய அடியைக் கடைசிக்கு முந்தியதில்தான் வைக்கின்றன. கடைசி அத்தியாயத்துக்கு உட்காரும்போது எல்லாம் தீரப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் உட்காருகிறோம். ஒன்பதாவதில் அந்தக் காப்பு இல்லை: நாயகன் செத்தாலும் கதை நடத்த ஒரு மணித்தியாலம் மிச்சம் இருக்கிறது. சில்மன் சொன்ன ‘மிகக் கூடுதல், ஆனால் நிச்சயமில்லை’ என்ற நிலை அங்கேதான் கெட்டியாக நிற்கும். இன்னொன்று பழக்கம். அத்தியாயத்துக்கு ஐம்பது நிமிடம் என்றால், எட்டு அத்தியாயத்தில் அந்த முகத்தோடு 400 நிமிடம் இருந்திருக்கிறோம். திரைமுகங்களோடு ஏற்படும் இந்த ஒருவழி உறவை ஹோட்டன், வோல் என்ற இருவர் 1956 இலேயே விவரித்தார்கள். மூளை அதை ‘வெறும் நடிப்பு’ என்று தள்ளிவைப்பதில்லை. அழுகிறவரைக் கேலிசெய்வது நியாயமில்லை.

வாரம் ஒன்றாகப் பார்ப்பதா, ஒரே இரவில் எல்லாவற்றையும் பார்ப்பதா? மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் ஓர் உளவுத் தொடரின் ஆறு அத்தியாயங்களை ஒரே இருப்பில், நாளுக்கு ஒன்றாக, வாரத்துக்கு ஒன்றாக என மூன்று குழுக்களுக்குக் காட்டினார்கள். ஒரே இருப்பில் பார்த்தவர்களுக்கு மறுநாள் நினைவு மிக நன்றாக இருந்தது. 140 நாட்களில் அதுதான் மிக வேகமாகத் தேய்ந்தது. இரசித்த அளவும் அவர்களுக்கே குறைவு. ஒன்பதாவது அத்தியாயத்தின் அடி நன்றாக விழவேண்டுமென்றால் வாரம் ஒன்றே நல்லது.

முந்திக் கேட்கும் டிஷ் வீட்டுக் கத்தல், கைபேசியில் பார்ப்பவருக்கு இதைக் கெடுக்குமா? கத்தல் மட்டும் என்றால் கெடுக்காது. ‘அரை நிமிடத்தில் ஏதோ நடக்கப்போகிறது’ என்ற செய்தி பதைப்பை ஏற்றவே செய்யும். செத்தவரின் பெயரோடு வட்ஸ்அப் வந்தால் கதை வேறு: வாய்ப்பு நிச்சயமாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் விடக் கெடுப்பது மாரி மழை. வீட்டு டிஷ்களில் பெரும்பாலானவை பிடிக்கும் அலை 11, 12 கிகாஹேர்ட்ஸ் அளவானது. அலைநீளம் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர். நவம்பர், டிசம்பரில் வாடையோடு கொட்டும் பெருந்துளிகள் இந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் ஏற்ற பருமன். பழைய அன்டெனாப் படம்போல இது மெல்ல மங்காது. விடுபட்ட தரவை நிரப்பும் பிழைதிருத்தம் தாக்குப்பிடிக்கும்வரை படம் குறையில்லாமல் தெரியும். எல்லை தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கடற்காற்றின் உப்பு ஏறிப் பச்சைபிடித்த கேபிள் முனை இருந்தால் சிறு மழைக்கே அந்த எல்லை வந்துவிடும். முனையை மாற்றி றப்பர் ரேப் இறுக்கிச் சுற்றினால் பாதித் தொல்லை தீரும். 2007 ஜூன் 10 அன்று அமெரிக்காவில் குற்றத் தொடர் ஒன்றின் கடைசி அத்தியாயம் காட்சியின் நடுவே சட்டென்று கறுப்புத் திரையாகி முடிந்தது. கேபிள் அறுந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். பதைப்பின் உச்சியில் இருக்கும் உடலுக்கு, கதை நின்றதா கருவி நின்றதா என்று பிரித்தறியத் தெரியாது.

வியர்வையால் தோலின் மின்தடை இறங்குவதை வீட்டில் அளந்து பார்க்க விரும்புபவர்களுக்குப் பற்றரியில் ஓடும் சாதாரண மல்டிமீற்றர் போதும். சுவர் மின்சாரத்தில் ஓடும் எதையும் விரலில் தொடுக்கவேண்டாம். எழுதாத கையின் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நடுக்கணுவிலும் இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் அலுமினியத் தாளைச் சுற்றி, செலோரேப்பால் ஒட்டி, ஒவ்வொன்றிலும் மீற்றரின் ஒரு கம்பியைச் செருகவும். தடை அளக்கும் பக்கத்தில் 2 மெகா ஓம் அளவில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருக்கவேண்டும். தாளுக்கு அடியில் ஈரம் சமப்பட அவ்வளவு நேரம் ஆகும். பலருக்குச் சில நூறு கிலோ ஓம் காட்டும். சரியாக வேலைசெய்கிறதா என்று பார்க்க, சட்டென்று ஓர் ஆழ்ந்த மூச்சு இழுக்கவும்: இரண்டு மூன்று செக்கனில் எண் இறங்கி, பிறகு மெல்ல ஏறினால் சரி.

பிழைகள் வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். விரலை அழுத்தினாலோ அசைத்தாலோ எண் இறங்கும். ஆனால் அது அந்தக் கணமே நடக்கும். வியர்வைக்கு ஒரு செக்கனாவது பிந்தும், இதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். கச்சான் வீசும் மாதங்களில் தோல் வறண்டு எண் அளவுக்கு மேலே போய்விடும். உப்புநீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை விரலுக்கும் தாளுக்கும் நடுவே வைத்தால் தீரும். மாரியிலும் புழுக்கத்திலும் இதற்கு நேர்மாறு: கை ஏற்கெனவே ஈரம், எண் தாழ்ந்து கிடக்கும், சிறு இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஃபானைப் போடுங்கள், ஆனால் காற்றுக் கையில் நேரே படவேண்டாம். ஒருவர் எண்ணைப் பார்த்து நேரத்தோடு எழுத, இன்னொருவர் படம் பார்ப்பதே நல்லது. தன் எண்ணைத் தானே பார்ப்பவருக்கு அந்த எண்ணே பதைப்பாகிவிடும்.

அத்தியாயம் முடிந்ததும் தாளைக் கழற்றாமல் இன்னும் பத்து நிமிடம் எழுதிக்கொண்டே இருங்கள். கதை நின்றதும் கிளர்ச்சி நிற்பதில்லை. மிஞ்சியது அடுத்து வருவதன்மீது ஏறிக்கொள்ளும் என்று சில்மன் 1971 இல் காட்டினார். தொடர் முடிந்த கையோடு வீட்டில் எழும் சின்னச் சண்டை பெரிதாவதும், சாதாரணப் பகிடிக்கு வயிறு வலிக்கச் சிரிப்பதும் இந்த மிச்சத்தால்தான். பலருக்கு, விளம்பரம் முடிந்து செய்தி தொடங்கும்போதும் எண் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்காது.