டின் தண்ணீரைக் கீழே ஊற்றுங்கள்

போன மாதம் பெரம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா, பையிலிருந்து ஒரு டின் பட்டாணியை எடுத்து என் மேசை மேல் வைத்தார். வயது 62, பத்து வருடமாக பிபி மாத்திரை. விரல் மூட்டு வலியால் காய் நறுக்க முடிவதில்லை. மகன் வாங்கிப் போடும் டின்களில்தான் வாரத்தில் நாலு நாள் சமையல்.

"ஊறுகாய விட்டாச்சு, அப்பளத்த விட்டாச்சு. இன்னும் எதை மேடம் விடறது?"

லேபிளில் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. ஆளுக்கொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தோம். 100 கிராமில் சோடியம் 270 மில்லிகிராம். உரித்த பச்சைப் பட்டாணியில் தானாக இருப்பது 5 மில்லிகிராம் அளவுதான். இவர் ஒரு வேளைக்குச் சாப்பிடுவது 200 கிராம், ஆக 540. ஒரு நாள் முழுவதற்குமே 2000-க்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும்.

"அந்தத் தண்ணிய என்னம்மா பண்றீங்க?"

"குழம்புல ஊத்திடுவேன். சத்து போயிடக் கூடாதுல்ல?"

அங்கேதான் சிக்கல். வீட்டில் பச்சை மொச்சை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வைட்டமின் சி, ஃபோலேட் எல்லாம் தண்ணீரில் கரையும் என்பதால் அது சரியான பேச்சு. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதையே மாற்றிச் சொல்வோம், பொட்டாசியம் குறைய அந்தத் தண்ணீரை வடித்தே ஆக வேண்டும்.) டின்னில் இருப்பதோ உப்புத் தண்ணீர். அதை வடித்துவிட்டு, பட்டாணியைக் குழாயடியில் நன்றாக அலசினாலே சோடியம் கணிசமாகக் குறையும்.

இதற்காக டின்னே விஷம் என்று வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள். புரதமும் நார்ச்சத்தும் டின்னுக்குள் போனாலும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அடிபடுவது வைட்டமின் சி. பச்சைப் பட்டாணியில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம். டின்னில் அதில் கால்வாசிதான் மிஞ்சும். கிருமி சாக வேண்டுமென்று அவ்வளவு சூடாக்குகிறார்கள். தக்காளி விஷயத்தில் கதையே வேறு, சூடு பட்ட தக்காளியில்தான் லைகோபீன் என்ற சிவப்பு நிறச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

பச்சை என்றாலே உசத்தி என்பதும் அரைகுறைதான். கோயம்பேட்டில் வாங்கிய பட்டாணி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் கிடந்து தோல் சுருங்கினால், இனிப்பு போய் மாவாகியிருக்கும். வைட்டமின் சியும் இறங்கியிருக்கும். உரித்து பாக்கெட்டில் விற்பதில் இன்னொரு வம்பு: காய்ந்த பட்டாணியை ஊறவைத்து, பச்சைச் சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் பச்சையானால் குப்பைக்கு.

அந்த அம்மாவுக்கு நான் எழுதிக்கொடுத்தது: மார்கழி, தையில் உரித்த மொச்சை, மற்ற நாளில் உப்பு சேர்க்காத ஃப்ரோசன் பட்டாணி. அவசரத்துக்கு டின், அலசிவிட்டு. எழுந்தவர் கதவருகே போய்த் திரும்பினார். வீட்டில் ஒரு டின் மூடி மேலே உப்பியிருக்கிறதாம், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, கொதிக்கவைத்துச் சாப்பிடலாமா என்று.

"திறக்கக்கூட வேணாம்மா. அப்படியே தூக்கிப் போட்டுடுங்க."