எபனைட்: கருங்காலியின் பெயர் வாங்கிய இரப்பர்

புகையிலை பிடிக்கும் பழைய சுங்கான் ஒன்றைக் கையில் எடுத்தால் மரக் கிண்ணம் அவ்வளவாகக் கெட்டிருக்காது. துடைத்து மெழுகு பூசினால் மின்னிவிடும். வாயில் வைக்கும் காம்புதான் பாசி பிடித்தது மாதிரி பச்சையும் பழுப்பும் கலந்து கிடக்கும். நகத்தால் சுரண்டினால் அந்த நிறம் போகாது. ஈர விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கந்தக வாடை வரும். 'பிளாஸ்டிக் மங்கிப்போச்சு' என்று சொல்லிப் பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அது பிளாஸ்டிக்கே இல்லை, இரப்பர். எபனைட் என்பார்கள், வல்கனைட் என்பதும் அதுவே.

இயற்கை இரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்து, நெடுநேரம் சூட்டில் வைத்துக் கெட்டியாக்கினால் எபனைட் கிடைக்கும். வளைகிற சாதாரண இரப்பருக்கு எடையில் 100-க்குச் சில பங்கு கந்தகம் போதும். எபனைட்டுக்கோ இரப்பரின் எடையில் கால் பங்குக்கு மேல், சில சமயம் பாதி வரைகூடச் சேர்ப்பார்கள். இரப்பரின் நீண்ட இழைகளைக் கந்தகம் ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. கட்டு கூடக் கூட நெகிழ்வு குறைந்து, கடைசியில் மரம்போலக் கடையவும் அறுக்கவும் மெருகேற்றவும் வருகிற பொருளாகிவிடுகிறது.

கந்தகமும் சூடும் சேர்ந்தால் இரப்பர் பக்குவப்படும் என்பதை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அதே வழியில் இறங்கினார். அந்த முறைக்கு ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கன் பெயரைச் சூட்டச் சொன்னவர் ஹான்காக்கின் நண்பர் வில்லியம் பிராக்கடன். கெட்டி இரப்பருக்கு 1851-இல் காப்புரிமை வாங்கியவர் குட்இயரின் தம்பி நெல்சன். வல்கனைட் என்ற பெயர் அந்த நெருப்புக் கடவுளிடமிருந்து வந்தது. எபனைட்டின் வேர் இன்னும் பழையது. பண்டை எகிப்தியர் கருமரத்துக்கு வைத்திருந்த சொல் கிரேக்கத்தில் எபெனோஸ் ஆகி, லத்தீன் வழியே ஆங்கிலத்துக்குப் போய் எபனி ஆனது. அந்த எபனி நம் கருங்காலிதான். மெருகேற்றிய கெட்டி இரப்பர் பார்க்கக் கருங்காலி போலவே இருந்ததால் அதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மரத்தின் பெயர் இருந்தாலும் குணம் இரப்பரின் குணமே. பழைய காம்பில் பல் பதிந்த பள்ளம் இருந்தால், லைட்டர் சுடரில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுங்கள். பள்ளம் கண்ணெதிரே மெல்ல எழும்பி வரும். முழுக்க நிரம்பாவிட்டாலும் பாதியாவது மேலே வந்துவிடும். முதலில் வார்த்த உருவத்தை இரப்பர் மறப்பதில்லை. வளைந்த காம்பை அதிகமாகச் சூடாக்கினால் அது நிமிர்ந்துகொள்வதும் இதனால்தான். பச்சை நிறத்துக்குக் காரணம் வெளிச்சம். வெயில் பட்ட மேற்பரப்பில் கந்தகம் வெளிப்பட்டு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. வாயில் கசப்பதும் அதுதான். வெந்நீரில் கழுவினால் நிறம் இன்னும் மோசமாகும். உப்புத்தாளை நனைத்து, முரட்டுத் தாளில் தொடங்கி 2000 எண் தாள் வரை பொறுமையாகத் தேய்த்தால் உள்ளிருக்கும் கறுப்பு திரும்ப வரும்.

காம்பு உடைந்தோ தொலைந்தோ போயிருந்தால் எபனைட் தடியிலிருந்து புதிதாகக் கடைந்துகொள்ளலாம். முதலில் புகைத்துளை போட வேண்டும், அப்புறம்தான் வெளிப்பக்கம். துளையை நடுவாக வைத்து வெளிப்பக்கத்தைக் கடைந்தால்தான் இரண்டும் ஒன்றாக நிற்கும். மரக் கழுத்துக்குள் நுழைகிற முளையைக் கொஞ்சம் தடிமனாகவே விட்டு, கடைசி நூலளவை உப்புத்தாளில் குறைப்பது நல்லது. முளை இறுகினால் கழுத்து பிளந்துவிடும். வளைக்கும்போது துளைக்குள் குழாய் துடைக்கும் கம்பியை விட்டுச் சூடாக்கி, வளைத்த கையோடு குளிர்ந்த நீரில் முக்கினால் வளைவு நின்றுவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கருங்காலி இரப்பர்' என்று பெயரை அப்படியே பெயர்க்கலாம். ஆனால் வேலைநிறுத்தத்தில் சேராமல் காலை வாருகிறவரையும் கருங்காலி என்கிறோம், அந்த வசவு கூடவே வரும். அதோடு மரத்தின் பெயரைக் கேட்டவர் மரத்தைத்தான் நினைப்பார். 'கந்தக இரப்பர்' என்றால் டயரும் அதில் அடங்கிவிடும். என் தேர்வு வன்னிரப்பர். வன்பொருள், வன்மரம் என்று பழகிய வாய்க்கு இது எளிதாக வரும், இரப்பர் என்பதும் பெயரிலேயே தெரியும். 1770 வாக்கில் பென்சில் எழுத்தை அழிக்கத் தேய்த்ததால் வந்த ஆங்கிலப் பெயர்தான் இரப்பர். அந்தச் சொல் தமிழில் ஊறிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

காம்பு என்ற சொல்லும் பொருத்தமாகவே இருக்கிறது. பூவுக்கும் கோடரிக்கும் காம்பு உண்டு. சுங்கானின் மரத்தோடு சேர்ந்த பகுதியைக் கழுத்து என்றும் கழற்றி மாட்டுவதை வாய்க்காம்பு என்றும் பிரித்துச் சொன்னால் குழப்பம் வராது. எழுதும்போது ஒரு முறை வன்னிரப்பர் (எபனைட்) என்று காட்டிவிட்டு, அப்புறம் வன்னிரப்பர் என்றே தொடரலாம். தடி வாங்கப் போகும்போது மட்டும் எபனைட் என்றே கேளுங்கள். கொடுத்ததைத் துணியில் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கந்தக வாடை இல்லையென்றால் அது அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இருக்கலாம்.