சாப்பிடாத நாளிலும் இன்சுலின் வேண்டும்

போன வாரம் அதிகாலை 2 மணிக்கு, ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து 13 வயதுப் பெண்பிள்ளையை லொறியில் கொண்டுவந்தார்கள். ஆழமாக, வேகமாக மூச்சு இரைத்தது. வாயில் கனிந்த பழத்தின் வாடை. "வாந்தி ஐயா. சாப்பாடே இறங்கவில்லை. அப்புறம் ஊசி எதற்கு என்று நிறுத்திவிட்டோம்" என்றார் அம்மாயி. இன்சுலின் ஊசியை நிறுத்தி 3 நாள் ஆகியிருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் இந்த வருடம் இதே காரணத்துக்காக என் கைக்கு வந்த மூன்றாவது பிள்ளை இவள்.

அம்மாயியை நான் குறை சொல்லவில்லை. பக்கத்து லயன் வீட்டில் இருப்பவருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. சாப்பிடாத நாளில் அவர் மாத்திரையை விட்டுவிடுகிறார், அன்றைக்கு அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு வேறு நோய்களை ஒரே பெயரால் அழைப்பதால் வரும் வினை இது.

பக்கத்து லயன்காரருக்கு இருப்பது இரண்டாம் வகை. அவருடைய கணையம், இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கிறது, உடல்தான் அதன் சொல் கேட்பதில்லை. வருடங்கள் போகப்போகக் கணையமும் களைத்துவிடும். இந்தப் பிள்ளைக்கு இருப்பது முதலாம் வகை. கிருமியைத் தாக்க வேண்டிய உடலின் காவற்படையே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிட்டது. இனிப்புத் தின்றதாலோ, பெற்றோர் செய்த தவறாலோ வந்ததல்ல. மாத்திரையும் பாகற்காய்ச் சாறும் இல்லாத இன்சுலினை உண்டாக்கித் தரமாட்டா. கர்ப்ப காலத்தில் வருவது இன்னொரு வகை. பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும், ஆனால் அந்தத் தாய்மாருக்குப் பின்னாளில் இரண்டாம் வகை வரும் வாய்ப்பு அதிகம்.

சாப்பிடாவிட்டால் சீனி எங்கிருந்து வரும் என்று கேட்கிறீர்கள். ஈரலிலிருந்து வரும். நாம் பட்டினி கிடக்கும்போது ஈரல் தன் சேமிப்பிலிருந்து சீனியை இரத்தத்தில் விடுகிறது. அதற்குக் கடிவாளம் போடுவது இன்சுலின். இன்சுலின் அறவே இல்லையென்றால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், இரத்தம் அமிலமாகும். அந்தப் பழவாடை அதுதான். காய்ச்சல் வந்தால் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும், குறையாது. 1922 ஜனவரியில் டொரொண்டோவில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் இந்தப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்களை நீட்டுவதைத் தவிர வைத்தியர்களிடம் வழியே இருக்கவில்லை.

அடுத்தது, கிளினிக்கில் நான் தினமும் கேட்டுக் கேட்டு நொந்துபோன பேச்சு. "ஊசி போட்டால் கடைசிக் கட்டம் ஐயா. எங்கள் பெரியம்மாவுக்கு ஊசி தொடங்கினார்கள், அடுத்த வருடமே காலை எடுத்துவிட்டார்கள்." பெரியம்மாவின் காலை எடுக்கவைத்தது ஊசி அல்ல. ஊசி வேண்டாம் என்று அவர் தள்ளிப்போட்ட வருடங்கள். அந்த வருடங்களில் ஏறிக்கிடந்த சீனி நரம்பை அரித்தது, பாதம் மரத்துப்போனது. அட்டை கடித்த இடம் புண்ணானதும் தெரியவில்லை, குளிருக்கு அடுப்போரம் காலை நீட்டியபோது சுட்டதும் தெரியவில்லை. எல்லாம் முற்றியபின் வந்தார், அப்போது ஊசி தொடங்கினோம். கடைசியாக வந்தது ஊசி என்பதால் பழி அதன் மேல் விழுந்தது. சிறுநீரகம் பழுதாகும், கண் போகும் என்ற பேச்சும் இப்படித்தான் பிறந்தது. அவற்றைப் பழுதாக்குவதும் கட்டுக்கடங்காத சீனிதான். இன்சுலின் போதைப்பொருள் அல்ல, பழகிப்போவதற்கு. இருக்க வேண்டிய ஒன்று இல்லாதபோது வெளியிலிருந்து கொடுக்கிறோம். மாத்திரையாகத் தர முடியாதா என்பவர்களுக்கு: அது ஒரு புரதம், வயிற்றில் செரித்துவிடும்.

முதலாம் வகைப் பிள்ளைக்கு ஒருநாளும் இன்சுலினை முழுதாக நிறுத்தாதீர்கள். சாப்பிடவில்லையென்றால் எவ்வளவு போடுவது என்று அன்றைக்கே வைத்தியரிடம் கேளுங்கள். வாந்தி நிற்கவில்லை, மூச்சு இரைக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம்.

விடியற்காலையில் ஊசி போட்டுக்கொண்டு வெறும் சாயத்தண்ணீரோடு மலையேறும் அக்காமாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கொழுந்துக் கூடையில் கொஞ்சம் சீனியும் இருக்கட்டும். சீனி இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்; 15 நிமிடத்தில் சரியாகவில்லையென்றால் மறுபடியும் குடியுங்கள். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், பாவிக்கும் குப்பியை அடுப்பும் வெயிலும் படாத குளிர்ந்த மூலையில் வையுங்கள். திறந்து ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான்.

பிள்ளைகளோடு பழகும் ஆசிரியர்களிடமும் தோட்டப் பிள்ளை மடுவப் (குழந்தைகள் காப்பகப்) பொறுப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நன்றாயிருந்த பிள்ளை சில வாரங்களில் மெலிந்து, ஓயாமல் தண்ணீர் கேட்டு, படுக்கையையும் நனைக்கத் தொடங்கினால் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல், அன்றே விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள்.