கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி?

ஜெர்மன் வகுப்பில் முதல் வாரம் முடிந்ததும் மாணவர்களின் நோட்டை வாங்கிப் பார்ப்பேன். 'டிஷ் – மேசை, டூர் – கதவு, ஃபென்ஸ்டர் – ஜன்னல்' என்று பக்கம் பக்கமாக இருக்கும். செல்போன் செயலியில் இருநூறு சொல் முடித்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்வார்கள். அத்தனையையும் மறுபடி படிக்கச் சொல்ல எனக்கே மனசு வராது. ஆனாலும் சொல்லிவிடுவேன்.

ஜெர்மனில் பெயர்ச்சொல் தனியாக வராது. சொல்லுக்கு முன்னால் நின்று அதன் பாலைக் காட்டும் டெர் (ஆண்), டீ (பெண்), டாஸ் (இரண்டுமல்லாதது) மூன்றில் ஒன்றோடுதான் குடித்தனம்; மாணவர்கள் நோட்டில் விட்டுவிடுவது இதைத்தான். நம் உயர்திணை, அஃறிணைக் கணக்கு அங்கே செல்லாது. டெர் லோஃபெல், அதாவது கரண்டி, ஆண்பால். டீ காபெல், முள்கரண்டி, பெண்பால். டாஸ் மெஸ்ஸர், கத்தி, இரண்டிலும் சேராது. சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென்கூட டாஸ்தான்! அதற்காவது காரணம் உண்டு: 'ஷென்' விகுதி சேர்ந்தால் எதுவும் டாஸ் ஆகிவிடும். கரண்டிக்குக் காரணம் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை.

'டெர், டீ தப்பினால் என்ன, புரிந்துகொள்வார்கள் அல்லவா?' என்று கேட்பவர்கள் உண்டு. சரி, வேற்றுமையை எங்கே கொண்டுபோய் ஒட்டுவீர்கள்? தமிழில் 'மேசையை', 'மேசைக்கு' என்று உருபு சொல்லின் வாலில் ஒட்டும். ஜெர்மனில் பெரும்பாலும் தலையில்: டெர் டிஷ் என்பது 'மேசையை' ஆகும்போது டென் டிஷ், 'மேசைக்கு' ஆகும்போது டெம் டிஷ். தலையை விட்டுவிட்டுச் சொல்லைப் படித்தவருக்கு உருபு ஒட்ட இடமே இல்லை. ஏ1 என்னும் முதல் நிலைத் தேர்வில் 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி என்பதால் இந்த ஓட்டை அங்கே பெரிதாகத் தெரியாது. நர்ஸ் வேலைக்குப் பொதுவாகக் கேட்கும் பி2 என்னும் மேல்நிலைக்குப் படிக்கும்போதுதான் வாக்கியத்துக்கு வாக்கியம் இடறும்.

இன்னொன்று, ஆங்கிலம் வழியாகவே யோசிக்காதீர்கள். 'அவருக்கு உதவுகிறேன்' என்பதில் நாம் 'கு' போடுகிறோம். ஜெர்மனும் அப்படியே: இஷ் ஹெல்ஃபெ டெம் மான். ஆங்கிலத்தில் அந்த 'கு' கிடையாது. ஆங்கிலத்தை மனசில் வைத்துக்கொண்டு எழுதுபவர் 'டென் மான்' என்று 'ஐ' போட்டுவிடுவார். 'களைப்பாக இருப்பதால்' என்று நாம் வினையைக் கடைசியில் வைப்பதுபோல, 'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால் அவர்களுக்கும் வினை கடைசிக்குப் போய்விடும்.

தமிழ் காலை வாரும் இடமும் இருக்கிறது. மணி சொல்லும்போது 'ஹால்ப் ட்ரை' என்றதும் 'அரை, மூன்று' என்று கூட்டி வகுப்பில் பாதிப் பேர் மூன்றரை என்று எழுதுவார்கள். மூன்றை எட்டப் பாதி வழி என்று எண்ணுவது ஜெர்மன் கணக்கு; ஆக, இரண்டரை. நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களிடம் இதை மட்டும் தினமும் கேட்பேன். ஏழரைக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை எட்டரைக்குக் கொடுத்துவிட்டு, இலக்கணம் தப்பிவிட்டது என்று வார்டில் சொல்ல முடியாதே.